கிளம்பாமை: கொங்குநாட்டுச் சேத்தக் பற்றிய ஓர் ஆராய்ச்சி

அழுக்காறாமை, வெஃகாமை, கள்ளாமை, கொல்லாமை என்று வரிசையாக ஆமைகளை அடுக்கிய வள்ளுவர், கிளம்பாமைக்கு மட்டும் ஓர் அதிகாரம் ஒதுக்கவில்லை. அவரிடம் ஸ்கூட்டர் இல்லாததே காரணமாக இருக்கலாம். அக்குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை. ஆய்வுப்பொருள், என் அப்பா விட்டுப்போன பஜாஜ் சேத்தக். ஆய்வுக்களம், கோவை அவிநாசி சாலை.

1972இல் வந்த இந்த வண்டிக்கு மகாராணா பிரதாப்பின் குதிரைப் பெயர். அந்தக் குதிரை காயத்தோடு ஓடி எசமானைக் காப்பாற்றியதாம். எங்கள் குதிரை காயமே இல்லாமல் நின்றுவிடும்.

இதன் திணை இலக்கணம் வருமாறு. நிலம்: பெட்ரோல் பங்க்குக்கும் மெக்கானிக் கடைக்கும் சமதூரமான இடம். பொழுது: மார்கழி விடியல், முகூர்த்த நாளும் ஆகும். உரிப்பொருள்: உதைத்தலும் உதைத்தல் நிமித்தமும்.

உதைத்துக் களைத்தவர் வண்டியைச் சாய்ப்பார். எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதில் உரையாசிரியர்கள் இடம், வலம் எனப் பிரிவர். இரு தரப்பாரிடமும் வண்டி ஓடுகிறது. சாய்க்கையில் கார்ப்ரேட்டருக்குள் கூடுதலாகக் கொஞ்சம் பெட்ரோல் இறங்கும். கேபிள் அறுந்த சோக்கின் வேலையைச் சாய்ப்பு செய்கிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே பெட்ரோல் ஓவராகிப்போன வண்டியைச் சாய்ப்பது, வயிற்றுப்போக்குக்காரனுக்கு விளக்கெண்ணெய் கொடுப்பது.

எது ஓவர், எது வறட்சி என்பதைப் பிளக் சொல்லும். கழற்றிப் பார்த்தால் போதும். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, கோளாறு மின்பொறியில் அல்லது மிகுதியில். காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. இதைப் பார்க்காமல் கார்ப்ரேட்டரில் கைவைப்பவர் தலைவலிக்குப் பல் பிடுங்குபவர். என் பிளக் காய்ந்தே இருந்தது. ஆனாலும் எனக்குப் பல்தான் பிடுங்கினார்கள், இரண்டு முறை.

கோவைக்காரரிடம் எதையும் பிரித்துப் பார்க்கும் இந்த ஆர்வம் எங்கிருந்து வந்தது? ஜி.டி. நாயுடுவிடமிருந்து என்பது என் துணிபு. கலங்கல் கிராமத்து இளைஞர், வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, கோவையில் ஓட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார். 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரையே செய்தார். அன்றிலிருந்து இவ்வட்டாரத்தில் வண்டி வாங்குவதென்றால் பிரிக்கும் உரிமையை வாங்குவது என்றுதான் பொருள்.

என் வண்டியின் நோய் வினோதமானது. காந்திபுரத்தில் ஒரே உதையில் கிளம்பும். ஹோப் காலேஜ் வந்ததும் இருமி நிற்கும். எதிரே டீக்கடை. டீ குடித்துவிட்டு உதைத்தால் ஓடும். புல் டேங்க் அடித்த நாளில் அதற்கும் முன்பே நிற்கும். ரிசர்வில் ஊரெல்லாம் சுற்றும். டீக்கடை பெஞ்சில் ஆய்வுக்குழு கூடியது.

"சூடாயிருச்சுங். ஆறட்டுமுங்."

"2டி ஆயில் லிட்டருக்கு 20 மில்லிதானுங். ஜாஸ்தி ஊத்தீட்டீங்களாட்ட இருக்குது."

"இப்ப பெட்ரோல்ல எத்தனால் கலக்கறாங்ளே, அது பழைய வண்டி ரப்பரையெல்லாம் தின்னுபோடுமுங்."

கடைசிக் கூற்றில் உண்மை உண்டு. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஆனால் தின்னப்பட்ட ரப்பர் டீ குடிக்கும் நேரத்தில் முளைத்து வராது. ஒருநாள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்து உதைத்தேன், கிளம்பவில்லை. ஆகவே இந்நோய்க்கு மருந்து டீ என்றும், அதை ஓட்டுபவரே முழுமையாக உட்கொள்ள வேண்டும் என்றும் முடிவுக்கு வந்தேன். இதே அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 2025 அக்டோபரில் ஜி.டி. நாயுடு பெயரிலேயே மேம்பாலம் திறந்தார்கள். 10.1 கிலோமீட்டரில் ஒரு டீக்கடை கிடையாது. நான் கீழேயே போய்க்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அதே டீக்கடைக்கு வந்த வயதான மெக்கானிக் ஒருவர், கேட்காமலே பக்கத்து மூடியைக் கழற்றினார். கார்ப்ரேட்டரில் சேரும் ட்யூபைப் பிடுங்கி, காலி தண்ணி பாட்டிலில் விட்டார். பெட்ரோல் நூலாக வந்தது, சொட்டாயிற்று, நின்றது. சீட்டைத் தூக்கி டேங்க் மூடியைத் திறந்தார். புஸ்ஸ். ட்யூபில் பெட்ரோல் கொட்டியது.

"ஏனுங் தம்பி, எண்ணெ டின்னுக்கு எத்தன ஓட்டை போடுவீங்?"

"ரெண்டுங்ணா. ஒண்ணுல எண்ணெ வரும், ஒண்ணுல காத்துப் போகும்."

மூடிக்கு அடியிலிருந்து ஜவுளிக்கடைப் பையின் பாலித்தீன் துண்டு ஒன்றை இழுத்து என் கையில் வைத்தார். ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்கக் கூடாதென்று நானே வைத்தது. மூடியில் குண்டூசி முனையளவு காற்றுத்துளை இருக்கிறது, அதை அடைத்துவிட்டேன். பெட்ரோல் இறங்க இறங்க மேலே வெற்றிடம் கூடி, ஒரு கட்டத்தில் பிடித்துக்கொள்ளும். டேங்க் நிறைய இருந்தால் மேலே காற்று குறைவு, அதனால் சீக்கிரமே பிடிக்கும். பிறகு மூடியின் இடுக்கு வழியாகக் காற்று மெல்லக் கசிந்து புக ஒரு டீ நேரம் ஆகும்.

எவ்வளவுங்ணா என்றேன். "காசு வேண்டாமுங். ஒரு டீ சொல்லுங், போதும்."

இருவரும் குடித்துவிட்டு வந்து உதைத்தோம். முதல் உதையிலேயே கிளம்பியது. ஆகவே டீ குறித்த என் முடிவு இதுவரை மறுக்கப்படவில்லை.