கண் இருண்டால் கழுத்தைப் பாருங்கள்

கே: ஒரு கண் மட்டும் இரண்டு நிமிடம் இருண்டு சரியானது. கண் டாக்டரோ கழுத்துக்கு ஸ்கேன் எழுதிவிட்டார். கண்ணுக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம்? (வாசகர், ஒரகடம்)

ப: வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் லாரிகள் மாட்டிக்கொண்டால் உங்கள் ஊரில் அசெம்பிளி லைன் நிற்காதா? கழுத்து வழியே மூளைக்குப் போகும் உள் கரோடிட் தமனியின் முதல் பெரிய கிளைதான் கண்ணுக்கு ரத்தம் தருகிறது. திரை இறங்கியதுபோல் ஒரு கண் இருண்டு தெளிவது பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக இருக்கலாம். உங்கள் டாக்டர் கெட்டிக்காரர். ஸ்கேனை நாளைக்குத் தள்ளாதீர்கள்.

கே: கழுத்தறுப்பு ஆபரேஷனால் கண்ணுக்கு லாபம் உண்டா? (வாசகர், இருங்காட்டுக்கோட்டை)

ப: வரவேற்க வேண்டிய ஒரே கழுத்தறுப்பு இதுதான்! கழுத்துத் தமனி மிகவும் சுருங்கிவிட்டால், கண் தமனியில் ரத்தம் தலைகீழாகவே ஓடக்கூடும். முகத்துக் குழாய்களின் ரத்தத்தைக் கண் வழியாக மூளை இழுத்துக்கொள்ளும். கண் பட்டினி கிடக்கும். அடைப்பைச் சுரண்டி எடுத்தாலோ ஸ்டென்ட் வைத்தாலோ ஓட்டம் பெரும்பாலும் நேர்த்திசைக்குத் திரும்பிவிடுகிறது. டாப்ளர் ஸ்கேனில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அறிகுறியோடு 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருந்தால் அறுவை சிகிச்சை பக்கவாதத்தைக் குறைக்கிறது என்று 1991-இல் வட அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் செத்துப்போன விழித்திரைக்கு எந்த ரத்தமும் உயிர் தராது. புகை, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் ஷிஃப்ட் சாக்கில் கவனிக்காமல் விடாதீர்கள். இருண்ட கண் தெளியவே இல்லையென்றால் உடனே 108-ஐ அழையுங்கள்.