லிங்க் அண்ணாச்சி

எங்கள் தெருவில் ஒவ்வொரு விக்கெட்டும் இரண்டு முறை விழும். முதலில் கீழே இஸ்திரிக் கடையில் விழும். அரை நிமிடம் கழித்து மாடியில் லிங்க் அண்ணாச்சி வீட்டில் விழும். அந்த இடைவெளியில் அண்ணாச்சி ஒரு ஞானி. முக்காலமும் தெரியாவிட்டாலும் அரை நிமிட எதிர்காலம் அவருக்கு அத்துபடி. கீழிருந்து வரும் கூச்சலை வைத்தே, "சிக்ஸர் இல்லவே, அவுட்டு. சத்தத்துல ஒரு இழுப்பு இருக்கு, கேட்டீரா?" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது தெருவுக்கு வெறும் லிங்க் அண்ணாச்சி. இணையத்தில் காசில்லாமல் டிவி பார்க்க எங்கெங்கே வழி உண்டோ அங்கெல்லாம் போய் வந்தவர். "காத்துல வாரதுக்கு எவனாவது துட்டு கேப்பானாவே?" என்பதுதான் அவருடைய வேதம், வேதாந்தம் எல்லாம்.

இந்தக் கொள்கை நேற்று முளைத்ததில்லை. இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது 1982இல். பிதுருதலாகல மலை உச்சியில் இருந்த கோபுரத்திலிருந்து கிளம்பிய அலை கடல் தாண்டி எங்கள் கரைக்கும் வரும். தினமும் வராது. கடல் அசையாமல் கிடக்கும் புழுக்கமான ராத்திரிகளில் வரும். அதற்காக மொட்டை மாடிகளில் கப்பல் பாய்மரம் மாதிரி ஆண்டெனாக் கம்பங்கள் நின்ற காலம் அது. வாலிப அண்ணாச்சி மேலே நின்று கம்பத்தைத் தென்கிழக்கே திருப்புவார். "தெரியுதா?" என்று கத்துவார். கல்யாணம் ஆன புதிதில் கீழே நின்று பதில் கத்தியது மதினி. "சத்தம் வருது, படம் வரல!" கொஞ்சம் திருப்புவார். "படம் வருது, புள்ளி புள்ளியா இருக்கு!" இன்னும் கொஞ்சம். ஒரு மணி நேரம் போராடிப் பிடித்தால் சிங்களத்தில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். ஒரு சொல் புரியாது. அதைக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தவர்தான் அண்ணாச்சி. வந்துவிட்டதே, அது போதாதா!

ஆண்டெனா போய் அகலக்கற்றை வந்தது. கம்பம் போய் கர்சர் வந்தது. கேள்வி மட்டும் மாறவில்லை, ஒரு சொல் கூடியிருக்கிறது. "என்னவே, தெரியுதா, சுத்துதா?"

சுற்றுவது என்றால் திரை நடுவில் சுழலும் அந்த வட்டம். அது ஏன் சுற்றுகிறது என்று கணினிப் பொறியாளர்கள் சொன்னால் எனக்குப் புரிந்ததில்லை. அண்ணாச்சி சொன்னபோது புரிந்தது. "முழு சீலா மீனையா அனுப்புவான்? துண்டு போட்டுத்தான் அனுப்புவான். ஒரு துண்டு ஆறு செகண்டு, பத்து செகண்டு. எந்தத் துண்டுக்குப் பொறவு எதுன்னு ஒரு சீட்டும் கூட வரும். மூணு துண்டு சட்டியில விழுந்த பொறவுதான் அடுப்பு பத்தும். அதான் நமக்கு லேட்டு. அடுத்த துண்டு வர முந்தி சட்டி காலியாச்சுன்னா, சுத்தும்."

"அப்ப சில நேரம் படம் மங்கலாப் போகுதே, அண்ணாச்சி?"

"லைன் மெலிஞ்சா சீலாவுக்குப் பதிலா நெத்திலி அனுப்புவான். பட்டினி போடாம இருக்கான்லா, அத நெனச்சுச் சந்தோஷப்படும்."

நெத்திலி வரும் நேரங்களில் பந்து கண்ணுக்குத் தெரியாது. பதினோரு வெள்ளைப் புள்ளிகள் எதையோ தேடி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அவரிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. எம்-த்ரீ-யூ என்று அதற்குப் பெயர். உலகத்துச் சேனல்களின் முகவரிகள் ஆயிரக்கணக்கில் வரிசையாக இருக்கும். பாதி செத்தவை. விடியற்காலையில் மற்றவர்கள் பூப்பறிக்கிற நேரத்தில் அண்ணாச்சி செத்த லிங்குகளைக் களைந்துகொண்டிருப்பார். மிச்சத்தில் சில, அந்தந்தச் சேனல்காரர்களே எல்லோருக்கும் திறந்துவிட்டவை. அவற்றிலும் பல, நாம் எந்த நாட்டிலிருந்து வருகிறோம் என்று இணைய முகவரியைப் பார்த்து வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். எஞ்சியவை திருட்டுச் சரக்கு. இதை நான் அவரிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "நானாவே மரத்துல ஏறுனேன்? கீழ விழுந்து கெடக்க மாங்காயப் பொறுக்குதேன்" என்றார். மாங்காய்க்குள் வண்டு இருக்கும் என்பது அவர் அனுப்பிய ஒரு லிங்கை நான் தொட்ட அன்று தெரிந்தது. விளம்பரத்தை மூட மூன்று பெருக்கல் குறிகள் இருந்தன. இரண்டு பொய். மெய்யானது எறும்பளவு. நான் பெரியதைத் தொட்டேன். என் போனில் பதின்மூன்று வைரஸ் இருப்பதாக ஒரு பெண்குரல் அலறியது, மனைவி முன்னிலையில்.

பழுது பார்ப்பதில் அவருக்கு ஒரு வரிசைக்கிரமம் உண்டு. முதலில் ரவுட்டரைப் பிடுங்கிப் பத்து எண்ணிவிட்டுச் செருகுவார். பத்துக்கு ஒன்று குறையக் கூடாது. அடுத்து, ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். எங்கள் வீட்டில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. "சாமிய உண்டியலுக்குள்ள வச்சிட்டு வரம் கேக்கியளா?" என்றார். மைக்ரோவேவ் அடுப்பு ஓடினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை திணறும் என்று கண்டுகொண்ட நாளிலிருந்து, மேட்ச் ராத்திரிகளில் அவர் வீட்டில் எல்லோருக்கும் ஆறின குழம்புதான். வைஃபை போனால் மகனுடைய போன். அதில் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. நல்ல தெளிவில் பார்த்தால் நாற்பது நிமிடத்தில் காலி. பிறகு வேகம் 64 கேபிபிஎஸ், அதாவது நத்தை. நள்ளிரவு பன்னிரண்டுக்கு மறுபடியும் கஜானா திறக்கும். அண்ணாச்சி சொர்க்கவாசலுக்குக்கூட அப்படிக் காத்திருந்ததில்லை.

சிரித்தாலும் அவரை லேசாக எடை போட முடியாது. எதிர்வீட்டு டீச்சர் டிவியில் ஒருநாள் மின்வெட்டுக்குப் பிறகு எதுவுமே வரவில்லை. போனில் நெட் இருக்கிறது, டிவி மட்டும் இல்லை என்கிறது. பழுது பார்க்க வந்த பையன் போர்டு போய்விட்டது என்று சொல்லி ஒரு தொகையும் சொன்னான். அண்ணாச்சி ரிமோட்டை வாங்கி செட்டிங்ஸுக்குள் போனார். தேதி 1970 ஜனவரி 1 என்று காட்டியது. அன்றைய தேதியைப் போட்டார். எல்லாம் ஓடின. ஒவ்வொரு தளமும் உள்ளே விடுவதற்கு முன் ஒரு சான்றிதழ் காட்டுமாம். அதில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்குமாம். "டிவி 1970ல இருக்கு டீச்சர். இன்னும் பொறக்காத பிள்ளையோட ஆதார் கார்டக் காட்டுனா அது நம்புமா?" டீச்சர் காபி கொடுத்தார். வேறு எதுவும் அண்ணாச்சி வாங்கவில்லை.

இப்போது கீழ்க்கடைக்கு வரவேண்டும். இஸ்திரிக்காரரிடம் இருப்பது 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி. அதன் தலையில் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் பெட்டி. தட்டுக்கும் பெட்டிக்கும் ஒருமுறை கொடுத்தது தவிர மாதச் சந்தா என்று ஒரு பைசா கிடையாது. நாட்டுக்கு முக்கியமான ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தூர்தர்ஷனோடு பகிர்ந்துகொண்டே ஆகவேண்டும் என்று 2007இல் வந்த சட்டத்தின் புண்ணியத்தில், பெரிய மேட்சுகள் அங்கே சுற்றாமல், சுணங்காமல் ஓடும். இதை அண்ணாச்சியிடம் சொல்லாதவர்கள் இல்லை. முகத்தைச் சுளிப்பார். "அது சும்மா வருதுவே. சும்மா வாரதுல என்ன இருக்கு?"

2024 ஜூன் 29. பார்படோஸில் இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். செல்போனில் பார்த்தால் இலவசம், டிவியில் என்றால் காசு. போன் திரையை அப்படியே டிவிக்குத் தள்ளினார் அண்ணாச்சி. வர்ணனை கணீரென்று கேட்டது, திரை கன்னங்கரேல் என்று இருந்தது. அப்படித் தள்ளினால் படத்தை மறைக்கிற பூட்டு அது. "சத்தம் வருது, படம் வரல" என்று மதினி சொன்னபோது அவர் முகத்தில் ஒரு வெட்கச் சிரிப்பு வந்து போனது. எவனோ அனுப்பிய லிங்கைத் தட்டினார். வந்துவிட்டது. நாங்கள் ஏழெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்திருந்தோம்.

கடைசி ஓவர். தென்னாப்பிரிக்காவுக்கு 16 ரன் வேண்டும். ஹர்திக் பாண்டியா பந்துவீச ஓடி வரத் தொடங்கும் முன்பே கீழிருந்து சத்தம் வந்தது. முதலில், "அய்யய்யோ!" அண்ணாச்சி தலையில் கை வைத்தார். "போச்சு, சிக்ஸர்." மூச்சு விடுவதற்குள் அதே தொண்டைகளிலிருந்து, "ஏஏஏய்!" அவருடைய நெடுநாள் சாஸ்திரத்தில் இதற்கு இடமில்லை. "ரெண்டு சத்தம் வருதேவே! ஒரே பந்துக்கு எப்படி ரெண்டு?" திரையில் மில்லர் ஓங்கி அடித்தார். பந்து எல்லைக்கோட்டை நோக்கி இறங்கியது. சூரியகுமார் யாதவ் ஓடி வந்து பிடித்து, கோட்டைத் தாண்டுகிற நேரத்தில் பந்தை மேலே எறிந்தார்.

பந்து மேலேயே நின்றது. சூரியகுமாரும் நின்றார். நடுவில் வட்டம் சுற்றியது.

ஒருவர் பின் ஒருவராகப் பாயிலிருந்து எழுந்து மாடிப்படியில் இறங்கி ஓடினோம். மதினியும் சேலையைச் செருகிக்கொண்டு வந்துவிட்டார். இஸ்திரிக் கடை வாசலில் மொத்தத் தெருவும் நின்றது. ஓவர் முடிந்தது, ஏழு ரன்னில் ஜெயித்தாயிற்று, எவனோ சரவெடியைக் கொளுத்திவிட்டான். புகைக்குள் நின்று மதினி மேலே பார்த்துக் கத்தினார்: "ஏங்க, தெரியுதா?"

மேலே ஜன்னலில் ரவுட்டரும் வயருமாக அண்ணாச்சி.

"இரு, சொல்லிராத! ஏழு... எட்டு... இப்ப வந்துரும்!"