தள்ளுபடியில் தழைக்கும் குடும்பம்

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் மூடப்படும் டிசம்பர் இறுதியில் சென்னைக் குடும்பங்கள் சேமிப்பில் காட்டும் தீவிரம், பொருளியலாரின் பாராட்டுக்கு உரியது. செலவழிக்காமல் வைத்த தொகையே சேமிப்பு என்பது பழைய வரையறை. விலைச்சீட்டில் அச்சிட்ட தொகைக்கும் கடையில் கொடுத்த தொகைக்கும் உள்ள வேறுபாடே சேமிப்பு என்பது ஆண்டிறுதித் தள்ளுபடி நிறுவியிருக்கும் புதிய வரையறை. இதன்படி, 2,400 ரூபாய் ஸ்வெட்டர் நான்கைப் பாதி விலைக்கு வாங்கும் குடும்பம் 4,800 ரூபாய் சேமிக்கிறது; எட்டு வாங்கியிருந்தால் சேமிப்பு இரட்டித்திருக்குமே என்ற வருத்தம் மட்டும் எஞ்சுகிறது. மார்கழியிலும் மின்விசிறி சுழலும் ஊரில் ஸ்வெட்டர்கள் வீணாகிவிடக் கூடாது என்பதால், அவற்றைக் காப்பாற்ற உதகைப் பயணம் இன்றியமையாததாகிறது. மலையேறும் வண்டிகளுக்கு 2024 மே மாதம் முதல் கட்டாயமாக்கப்பட்ட இ-பாஸ், அதாவது இணையவழி நுழைவு அனுமதி, கட்டணமற்றது என்பதால் அங்கும் சேமிப்பே. விடுதி வாடகையோ தவணையில் செலுத்தப்படுவதால் செலவுக் கணக்கிலேயே சேர்வதில்லை. எதையும் வாங்காமல் வீட்டிலேயே இருந்துவிட்ட பாட்டியின் சேமிப்பு மட்டும் குடும்பக் கணக்கேட்டில் சுழியம் எனப் பதிவாகிறது. ஜனவரி முதல் வாரத்தில் எரிவாயு உருளைக்கான பணம், அவருடைய கடுகு டப்பாவிலிருந்து எடுக்கப்படுகிறது.