காக்கியும் நாமும்

கேள்வி: திருடு போனால் போலீஸைத் தேடுகிறோம்; ஹெல்மெட் இல்லாவிட்டால் சந்து தேடுகிறோம். நமக்குப் போலீஸ் மேல் இருப்பது பயமா, மரியாதையா?
(வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்)

பதில்: மூங்கில் மண்டபம் சந்திப்பு நெருங்கும்வரை பெட்ரோல் டேங்க் மேல் சவாரி செய்யும் ஹெல்மெட், டிராபிக் போலீஸின் வெள்ளைச் சட்டையைக் கண்டதும் தலைக்கு ஏறுகிறதே, அதை மரியாதை என்று யார் சொல்வார்?

2019 அத்தி வரதர் வைபவத்தை நினைத்துப் பாருங்கள். 48 நாளும் காவலர்களைத் திட்டாமல் வரிசை நகரவில்லை. கூட்டத்தில் பிள்ளை காணாமல் போனால் மட்டும், 'யோவ்' உடனே 'சார்' ஆகிவிடும்! அந்த ஆகஸ்டில், பாஸ் இல்லாதவர்களை உள்ளே விட்டதாக மாவட்ட ஆட்சியர் ஓர் இன்ஸ்பெக்டரைப் பொது இடத்தில் வெளுத்து வாங்கிய வீடியோ பரவியது. அவ்வளவுதான், ஊரே காக்கி பக்கம் சாய்ந்தது. திட்டு வாங்குகிற இடத்தில் நின்றவரைப் பார்த்து நம் ஞாபகம் வந்திருக்கும். சரி, போலீஸ் மேல் அனுதாபமும் வரதர் தரிசனம் மாதிரி 40 ஆண்டுக்கு ஒருமுறைதான் போல, இனி 2059-ல் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஜூனிலேயே சாத்தான்குளம். காவலில் அடிபட்டுத் தந்தையும் மகனும் இறந்தார்கள். அங்கே கிண்டலுக்கு இடமில்லை. பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஆனாலும் ஸ்டேஷனுக்குப் போக வேண்டி வந்தால் தயங்காமல் போங்கள். புகார் கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வழக்குப் பதிவானால் எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம்.