மிச்ச ஸ்க்ரூ: பீன்யா வீடுகளில் லேப்டாப் பழுதுபார்ப்பு குறித்த ஓர் ஆய்வு

வீட்டில் லேப்டாப் பழுதுபார்த்தல் என்பது, வயதான கருவி ஒன்றை அதன் உரிமையாளரே திறந்து, எதையோ சரிசெய்து, கழற்றியதைவிடக் குறைவான ஸ்க்ரூக்களோடு மூடும் வினையாகும். இவ்வினை நாடெங்கும் நிகழ்கிறது. எனினும் ஆய்வுக்கு மிகப் பொருத்தமான களம் பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டைதான். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பொருளைக் கழித்துக்கட்டும் டர்னர்களும் ஃபிட்டர்களும் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஷிப்டு முடிந்து வீடு திரும்பிய பிறகு அதே கைகள் எதையும் அளப்பதில்லை என்பதே ஆய்வாளரை ஈர்க்கும் செய்தி.

விண்கலங்களைத் தரையிலிருந்து இயக்கும் இஸ்ரோவின் இஸ்ட்ராக் நிலையம் இருப்பதும் பீன்யாவில்தான். 2013 நவம்பர் 11 அன்று செவ்வாய்க்குச் செல்லவிருந்த மங்கள்யான் கலத்தின் நான்காவது சுற்றுப்பாதை உயர்த்தல் பாதியில் நின்றது. நொடிக்கு 130 மீட்டர் வேகம் கூடவேண்டிய இடத்தில் 35 மீட்டரே கூடியது. மறுநாள் விடியுமுன் இங்கிருந்து கட்டளை போய்க் குறை தீர்ந்தது. ஒரு ஸ்க்ரூகூட மிஞ்சவில்லை. கலத்தைத் திறந்து பார்க்க யாருக்கும் வழியில்லாமல் போனதே அந்த வெற்றிக்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

பீன்யாவில் கிடைக்கும் லேப்டாப்புகளில் தனி இனம் ஒன்று உண்டு. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பாலிடெக்னிக் மாணவர்கள் பெற்றவை அவை. டிப்ளமோ முடித்து வேலை தேடி வந்தவர்களோடு ஓசூர் வழியாக பஸ்ஸேறி வந்தவை. விற்றால் வாங்க ஆளில்லை, தூக்கிப் போட மனமில்லை. ஆகவே பழுது பார்க்கப்படுகின்றன.

நோய் எதுவானாலும் வீட்டார் சொல்லும் பெயர் வைரஸ். உண்மையில் பாதி நோய் தூசிதான். ஃபேனுக்கும் ஹீட்சிங்கின் செதில்களுக்கும் நடுவே தூசி கம்பளிபோல் படிந்து காற்றை மறிக்கிறது. பிராசசர் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதன்மேல் பூசிய தெர்மல் பேஸ்ட் ஆண்டுகள் போனதில் காய்ந்திருக்கும். பழையதைத் துடைத்துவிட்டுச் சிறு பொட்டளவு புதிதாக வைத்தால் போதும். காசு கொடுத்து வாங்கிய ட்யூபை மிச்சம் வைக்கலாகாது என்ற கொள்கையே பெரும்பாலும் வெல்கிறது.

திறக்குமுன் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பழைய மாடல்களில் தாழ்ப்பாளைத் தள்ளினால் அது கையோடு வந்துவிடும். புதியவற்றில் உள்ளே ஒளிந்திருக்கும். பேட்டரி உப்பியிருந்தால் ஆய்வை அங்கேயே நிறுத்தவேண்டும். லித்தியம் பேட்டரியைக் குத்துவதும் நெம்புவதும் தீயை அழைப்பதாகும். இந்த ஒரு விஷயத்தில் இக்கட்டுரைக்கு நகைச்சுவை கிடையாது. மற்றபடி, அடிமூடியின் கிளிப்புகளை நெம்பக் காலாவதியான ஏடிஎம் கார்டு போதும். கீபோர்டின் ரிப்பன் கேபிளில்தான் பலரும் தோற்கிறார்கள். அதன் பூட்டு நகத்தால் நிமிர்த்தவேண்டிய மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. லேத்தில் பழகிய விரல்கள் அதை நிமிர்த்தாமல் கேபிளை இழுக்கின்றன. பிறகு யுஎஸ்பி கீபோர்டு வாங்கப்படுகிறது.

ராமைக் கழற்றி அதன் தங்கநிற முனைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தல் தொன்றுதொட்டு வரும் சடங்கு. ஓரளவு பலனும் உண்டு, அழுக்கு போகிறது. ஆனால் கழற்றி மாட்டியதே பல நேரம் நோயைத் தீர்த்திருக்கும். புகழ் ரப்பருக்குப் போகிறது. புதிய ராம் வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று. டிடிஆர்3 வகைக்கு 204 முனைகள், டிடிஆர்4 வகைக்கு 260. வெட்டுப்பள்ளம் இருக்கும் இடமும் வேறு. அழுத்தினால் பொருந்தும் என்ற பட்டறை நம்பிக்கை இங்கே செல்லாது.

சுழலும் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் 2.5 அங்குல எஸ்எஸ்டி போடுவது ஒன்றுதான் போட்ட பணத்துக்கு ஐயமின்றிப் பலன் தரும் வேலை. அதை வாங்கக் கணினி உதிரிபாகக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு போகவேண்டும். பீன்யாவில் பச்சைத் தட மெட்ரோ ஏறினால் மாறாமலே சிக்பேட்டை, அங்கிருந்து நடை. லேப்டாப் திறக்கப்படுவது ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கடைகளில் பெரும்பாலானவை மூடியிருப்பதும் ஞாயிற்றுக்கிழமை. அதனால் ஒரு வாரம் கருவி குடல் தெரிய அலமாரிமேல் கிடக்கும். ஸ்க்ரூக்கள் எண்ணிக்கையில் குறையத் தொடங்குவது இந்த வாரத்தில்தான்.

மூடும் கட்டத்தில் ஸ்க்ரூவின் நீளம் முக்கியம். குட்டை ஸ்க்ரூவின் துளையில் நெட்டையைப் போட்டு முறுக்கினால், கை வைக்கும் இடத்தில் ஒரு கொப்புளம் எழும். இல்லையேல் போர்டே துளைபடும். லேப்டாப்பின் உருவத்தைத் தெர்மகோலில் வரைந்து, கழற்றிய ஸ்க்ரூவை அந்தந்த இடத்திலேயே குத்தி வைத்தால் இத்துன்பம் இல்லை. இதை அறியாதார் இல்லை, செய்தாரும் அதிகமில்லை.

மிச்ச ஸ்க்ரூக்களை எப்படி மதிப்பிடுவது? அடிமூடியின் நடுப்பகுதிக்குரியது ஒன்று மிஞ்சினால் லேப்டாப் ஓடும்; அதை மிளகு டப்பாவில் போட்டு வைக்கலாம். ஹீட்சிங்கை இறுக்கும் ஸ்க்ரூ மிஞ்சினால் பிராசசர் மறுபடி கொதிக்கும். ஹிஞ்சுக்குரியது மிஞ்சினால், சில மாதங்களில் திரையைத் தூக்கும்போது மூலை பிளந்துகொண்டு வரும். பின்னிரண்டில் எது நேர்ந்தாலும் மறுபடி திறந்தே ஆகவேண்டும்.