துத்தநாகத்துக்கு ரயில் உண்டு

வரைபடத்தை விரித்துப் பார்த்தால் நேவனைப் போல வசதியான ஊர் அயர்லாந்தில் கிடையாது. தெற்கே பழைய அரசர்களின் டாரா குன்று, தென்மேற்கே டிரிம் கோட்டை, கிழக்கே நியூகிரேஞ்ச் கல்லறை மேடு, வடமேற்கே கெல்ஸ். எல்லாம் கூப்பிடு தூரம். டப்ளின் ஐம்பது கிலோமீட்டர்தான். அறை வாடகையோ அங்கே கேட்டதில் பாதி. இங்கே தங்கி நாலாபக்கமும் சுற்றலாமென்று பெட்டியோடு வந்து இறங்கினேன்.

நேவன்காரர்களுக்கு நாலு பக்கம் என்று எதுவும் இல்லை. காலையில் டப்ளினுக்கு, மாலையில் டப்ளினிலிருந்து. அவ்வளவுதான் திசை. எனக்கு அறை கொடுத்த அம்மாளும் விடியுமுன்பே டப்ளின் பஸ்ஸுக்கு ஓடுவார். நான் எழுந்து வரும்போது தேநீர்க் குவளையும், “கதவைப் பூட்டிவிட்டுப் போங்கள்” என்ற சீட்டும் மேசையில் இருக்கும். இவ்வூருக்கு ஒருவர் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறார் என்பதை அவர் கடைசிவரை முழுசாக நம்பவில்லை. ஏதோ வேலை தேடி வந்து வெளியே சொல்லக் கூச்சப்படுகிறேன் என்றே நினைத்திருப்பார்.

நியூகிரேஞ்சுக்கு எப்படிப் போவது என்று நிறுத்தத்தில் நின்ற பெரியவரைக் கேட்டேன். “அதுக்கென்ன, டப்ளினிலிருந்து தினமும் சுற்றுலா வண்டி போகிறதே!” என்றார். கிழக்கே இருக்கும் இடத்துக்கு முதலில் ஐம்பது கிலோமீட்டர் தெற்கே போ என்கிறார். அவர் முகத்தில் கேலி துளியும் இல்லை.

ரயில்? வழக்கமான பயணிகள் ரயில் 1958-லேயே நின்றுவிட்டது. தண்டவாளம் மட்டும் இருக்கிறது. ஊரை ஒட்டி ஐரோப்பாவின் மிகப் பெரிய துத்தநாகச் சுரங்கம். அதன் தாது டிரோகெடா வழியாக டப்ளின் துறைமுகத்துக்கு ரயிலில் சொகுசாகப் போகிறது. தாதுவைத் தோண்டும் ஊர்க்காரர்கள் நெடுஞ்சாலை நெரிசலில் பஸ்ஸில் போகிறார்கள். 2010-ல் டப்ளின் பக்கமிருந்து ஒரு பாதையை நீட்டினார்கள். அது டன்பாய்ன் ஊரைத் தாண்டி, ஒரு பெரிய கார் நிறுத்துமிடம் வரை வந்து நின்றுகொண்டது. மிச்சமும் வரும் என்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்கிறார்கள். தாமதமாக வந்தால் இன்னும் பலமாகச் சொல்கிறார்கள்.

டாராவுக்கு மட்டும் டப்ளின் பஸ்ஸிலேயே பாதி வழியில் இறங்கி மேடேறி நடக்கலாம். நடந்தேன். காற்று என்னைத் திரும்ப நேவனுக்கே தள்ளப் பார்த்தது. காற்றின் வேகத்தைப் பூஜ்யம் முதல் பன்னிரண்டு வரை படி பிரித்த கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் 1774-ல் பிறந்தது நேவனில்தான். வேறெங்கே பிறப்பார்? தரையில் இருப்பவர்களுக்காகப் பின்னாளில் சேர்த்த விளக்கத்தில், ஆறாம் படிக்கு அடையாளம் குடை பிடிக்கத் திணறுவது. என் குடை அந்தப் படியைக் கடந்து, கம்பி வேறு துணி வேறாகப் பிரிந்தது. குன்றின் மேல் லியா ஃபால் என்ற நட்டகல் நிற்கிறது. உரிய அரசன் கால் வைத்தால் அலறும் என்பது ஐதீகம். கால் வைக்கத் துணிவில்லை, கையை வைத்தேன். கல் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் மேய்ந்த ஆடொன்று கத்தியது. அது கணக்கில் சேருமா என்று கேட்க அங்கே ஆளில்லை.

நியூகிரேஞ்சுக்குக் கடைசியில் டாக்ஸிதான். கீசா பிரமிடைவிட மூத்த அந்தக் கல்லறை மேட்டுக்குள் பத்தொன்பது மீட்டர் இடுக்கு வழி. டிசம்பரில், ஆண்டின் மிகக் குறுகிய பகலையொட்டி, உதயவெயில் வாசலுக்கு மேலுள்ள துளை வழியே உள்ளறை வரை வருகிறது. சுமார் பதினேழு நிமிடம். மற்ற நாளில் வருகிறவர்களுக்கு விளக்கை அணைத்துவிட்டு, மின்விளக்கில் ஒரு வெயில் விட்டுக் காட்டுகிறார்கள். அசல் வெயிலைப் பார்க்கக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும்.

அன்றிரவு அம்மாளிடம் சொன்னேன். அவரும் ஆண்டுதோறும் குலுக்கலுக்குப் பெயர் கொடுக்கிறாராம். விழுந்ததில்லை.

“விழுந்து, அன்றைக்கு மேகம் மூடிவிட்டால்?”

“மூடட்டுமே,” என்றார். “அன்றைக்கு ஒருநாளாவது டப்ளின் பஸ் பிடிக்க வேண்டாம் பாருங்கள்.”