ஜவுளிக்காரர் பூட்டி வைத்த ரகசியம்

வீட்டிலேயே கருவி செய்து உயிரியல் ஆராய்கிறவர்களுக்கு ஒரு குலதெய்வம் உண்டு: டச்சு நாட்டு டெல்ஃப்ட் ஊரில் துணிக்கடை வைத்திருந்த ஆன்டனி வான் லீவன்ஹூக். கல்லூரிப் பக்கம் போனதில்லை, லத்தீன் தெரியாது. அவருடைய நுண்ணோக்கியோ உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இரண்டு உலோகத் தகடு, நடுவே கடுகளவு லென்ஸ் ஒன்றே ஒன்று, பார்க்கவேண்டியதை நிறுத்திவைக்கத் திருகாணி. பிடித்த பொருளை ஒட்டிவிட்டால் பிய்க்க மனசு வராது. அடுத்ததற்குப் புதிதாக இன்னொரு லென்ஸ். இப்படியே சுமார் 500 செய்து தள்ளினார்.

மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அவருக்கு ஒரு சந்தேகம். நாக்கைக் குத்துகிற முள் ஏதாவது இருக்கும் என்று கணக்குப் போட்டார். 1676இல் மிளகைத் தண்ணீரில் போட்டு மூன்று வாரம் விட்டுவைத்தார். நம் வீடாக இருந்தால் அம்மா இரண்டாம் நாளே கொட்டிக் கழுவிக் கவிழ்த்திருப்பாள், பாக்டீரியாவும் தப்பித்திருக்கும். முள் கிடைக்கவில்லை. கும்பல் கும்பலாக ஏதோ நீந்திக்கொண்டிருந்தது, அதுதான் பாக்டீரியா.

லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிஞர் சங்கத்துக்கு டச்சு மொழியில் கடிதம் போட்டார். பெரிய மனிதர்கள் நம்பவில்லை. எப்படிப் பார்த்தாய், சொல் என்றார்கள். அதை மட்டும் கேட்காதீர்கள் என்றவர், பாதிரியார் உட்பட எட்டுப் பேரிடம் ‘நாங்களும் பார்த்தோம்’ என்று, நிலப் பத்திரத்துக்குச் சாட்சி பிடிப்பதுபோல, எழுதி வாங்கி அனுப்பினார். கடைசியில் சொசைட்டியின் ராபர்ட் ஹூக்கே மிளகை ஊறவைத்து, 1677 நவம்பரில் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ஆமாம், நெளிகிறது என்றார். 1680இல் ஜவுளிக்காரர் சொசைட்டி உறுப்பினர்.

அப்போதும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சுமாரான லென்ஸைக் காட்டினார். நல்லது அவருக்கு மட்டும். இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுங்களேன் என்று தத்துவஞானி லைப்னிட்ஸ் கேட்டும் மசியவில்லை. 90 வயதில், 1723இல், செய்முறையோடு போய்ச் சேர்ந்தார். சொசைட்டிக்கு அவர் எழுதிவைத்த 26 வெள்ளிக் கருவிகளையும் அந்த அறிஞர்கள் பத்திரமாகத் தொலைத்தார்கள்.

கூத்து என்னவென்றால், ரகசியம் என்று ஒன்று இருந்ததா என்பதே கேள்வி. 1665இல் வந்த தன் ‘மைக்ரோகிராஃபியா’ நூலின் முன்னுரையில் ஹூக் எல்லாவற்றையும் போட்டு உடைத்திருந்தார். கண்ணாடியை விளக்குத் தீயில் நூலாக இழு. நுனியை மறுபடி தீயில் காட்டு. உருகிச் சுருண்டு மணியாகும், அதைத் தேய்த்து வழவழப்பாக்கினால் லென்ஸ். காப்புரிமை இல்லை, கட்டணம் இல்லை, அசல் ஓப்பன் சோர்ஸ். கண் வலிக்கிறது என்று அவரே அதை ஓரம் கட்டிவிட்டார் என்பது வேறு கதை. இன்றைக்கு மாணவர்கள் அப்படிப்பட்ட மணியைக் கைப்பேசிக் கேமராமேல் ஒட்டுகிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு 2014இல் வெளியிட்ட ஃபோல்ட்ஸ்கோப்பும் மடித்த காகிதமும் மணி லென்ஸும்தான். அன்றைக்குப் பொருள்செலவு ஒரு டாலருக்குள்.

2021இல் லீவன்ஹூக்கின் கருவி ஒன்றைப் பிரிக்காமலே நியூட்ரான் கதிரால் துருவிப் பார்த்தார்கள், அதுவும் டெல்ஃப்ட் ஊரிலேயே. 266 மடங்கு பெரிதாக்கும் கருவி அது. உள்ளே இருந்தது தேய்த்துச் செய்த லென்ஸ் அல்ல, உருக்கிய கண்ணாடி மணி, உடைந்த காம்பின் மிச்சத்தோடு. தேய்ப்பை விட்டால், ஹூக் சொன்ன பக்குவம்தான். அவர் உயிரோடு இருந்திருந்தால் விட்டிருப்பாரா? ஈர்ப்பு விசைக்கே ‘நான்தான் முதலில் சொன்னேன்’ என்று நியூட்டனோடு மல்லுக்கட்டிய ஆள்!